காம்பும் தோலும் ஒரு பிடி பருப்பும்

சென்ற வருஷம் மழைக்காலத்தில் ஒரு நாள். சிஞ்ச்வட்டில் மழை பிடித்துக்கொண்டால் எப்படி என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பவனா நதி கரை புரண்டு மோர்யா கோசாவி மந்திர் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அந்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போயிருந்தேன். ரத்த அழுத்தத்தைப் பார்த்தவர் மறுபடியும் ஒரு தடவை பார்த்தார். கணுக்காலை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழி விழுந்து அப்படியே நின்றது.

"ராத்திரி என்ன சாப்பிடுகிறீர்கள், காகா?" என்று கேட்டார்.

நான் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னேன். "ரொம்ப லைட், டாக்டர். இரண்டு டோஸ்ட், ஒரு கப் சூப். அவ்வளவுதான்."

"என்ன சூப்?"

"கடையில் விற்கிறதே, பாக்கெட் சூப்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சொன்னதையும், நானாகத் தெரிந்துகொண்டதையும், இந்த ஒரு வருஷத்தில் செய்து பார்த்ததையும் நம் சங்க அன்பர்களோடு, முக்கியமாக என் வயதையொத்த ஆண்பிள்ளைகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். சமையல் குறிப்பு எழுத நம் பத்திரிகையில் என்னைவிடத் தகுதியுள்ள சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். அதனால் இதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை அடுப்பு எந்தப் பக்கம் திரும்பினால் எரியும் என்பது வரைதான் எனக்குத் தெரியும். டிப்ளமா முடித்து ரயில்வேயில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, சீனியர் செக்‌ஷன் என்ஜினீயராக ஓய்வு பெற்றவன் நான். டீசல் எஞ்சினின் வயிற்றைத் திறந்து மூடி ஆயுளைக் கழித்தவனுக்கு ஒரு குக்கரைத் திறந்து மூடத் தெரியவில்லை. மகனும் மகளும் வெளிநாட்டில். மத்தியானத்துக்கு டப்பா வந்துவிடும். ராத்திரிதான் பிரச்னை. ஒருவனுக்காக என்ன சமைப்பது என்ற சலிப்பு. அந்தச் சலிப்புக்குப் பாக்கெட் சூப் ரொம்பச் சௌகரியமாக இருந்தது. வெந்நீரில் கொட்டிக் கலக்கினால் ஆயிற்று. தக்காளி வாசனை வருகிறது, நாலு பச்சைத் துணுக்கு மிதக்கிறது, பாக்கெட்டின் மேல் காய்கறிப் படம் வேறு. ஆரோக்கியமாகச் சாப்பிடுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடமிருந்து திரும்பி வந்த அன்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தேன். நம் நாட்டுச் சட்டப்படி, எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதை முதலில் போட்டு, இறங்குமுகமாக வரிசைப்படுத்த வேண்டும். இந்த ஒரு விதி தெரிந்தால் போதும், பாக்கெட் தன் ஜாதகத்தைத் தானே சொல்லிவிடும். மாவு, சர்க்கரை, உப்பு எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தன. காய்கறி பின்னால், உலர்த்திய தூளாக, சொற்ப சதவீதத்தில். உப்பைச் 'சோடியம்' என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்தே 5 கிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மத்தியான டப்பாவில் சாம்பார், ஊறுகாய், அப்பளம் என்று அந்தக் கணக்கை ஏற்கெனவே தீர்த்துவிட்டவனுக்கு ராத்திரி சூப் உபரி வட்டி!

பாக்கெட் சூப்பே விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. மழையில் நனைந்து வந்த அன்றைக்கு ஒரு கப் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. அதைச் சாப்பாடு என்று நம்பியதுதான் என் தவறு.

இதிலே வேடிக்கை என்னவென்றால், சூப் என்ற பண்டமே நமக்கு அந்நியமானதல்ல. ஆங்கிலேயர்களின் மெனு கார்டுகளில் 'முல்லிகட்டானி' என்று ஒரு சூப் உண்டு. அது நம் மிளகுத்தண்ணீரேதான். சாப்பாட்டின் தொடக்கத்தில் சூப் கேட்டுப் பழகிய மதராஸ் துரைமார்களுக்கு நம் சமையற்காரர்கள் மிளகுத்தண்ணீரை விருத்தி பண்ணிக் கொடுத்தார்கள். துரைமார் அதில் மாமிசத்தையும் சேர்த்துக்கொண்டு கப்பலேற்றிவிட்டார்கள். 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியிலேயே இந்த வார்த்தை தமிழிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறது. மதராஸ்வாசிகளான வெள்ளைக்காரர்களுக்கு 'மல்' என்று பட்டப்பெயரே இருந்ததாம். நாம் உலகத்துக்குக் கொடுத்த சூப், உப்பும் மாவுமாகப் பாக்கெட்டில் நம்மிடமே திரும்பி வருகிறது. ராஜதானி எக்ஸ்பிரஸில் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்கும் தக்காளி சூப்பையும் குச்சி ரொட்டியையும் நம்மவர்கள் எவ்வளவு பயபக்தியுடன் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை நான் பல பிரயாணங்களில் கவனித்திருக்கிறேன். அதே ஆசாமி வீட்டில் ரசத்தைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தால், "ஏன், எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?" என்பார்.

அந்தக் காலத்தில் சாதம் வடித்த கஞ்சி வீட்டுக்கு வீடு இருந்தது. அதில் உப்பும் கொஞ்சம் மோரும் விட்டுக் குடித்துவிட்டு வயலுக்குப் போனவர்கள் நம் தாத்தாக்கள். குக்கர் வந்த பிறகு வடிக்கும் வேலை நின்றது. குக்கரைக் குறை சொல்வதற்கில்லை. கஞ்சியில் போகிற சத்து சாதத்திலேயே தங்கிவிடுகிறது. ஆனால் கஞ்சியோடு சேர்ந்து, வெந்த தண்ணீருக்கு ஒரு மதிப்பு உண்டு என்ற எண்ணமும் போய்விட்டது. இன்றைக்கு உருளைக்கிழங்கு, பீன்ஸ், பட்டாணி எதை வேகவைத்தாலும் தண்ணீரை நேரே ஸிங்க்கில் கொட்டுகிறோம். பி வைட்டமின்கள் பலவும் சி வைட்டமினும் தண்ணீரில் கரைபவை. நாம் கொட்டுவது வெறும் தண்ணீரல்ல. நம் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில், 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராய ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார். தீட்டிய அரிசியில் பி1 வைட்டமின் போய்விடுவதால் வருகிற நோய் அது. அந்தக் கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள் என்பது அவர்கள் தேசத்துக்குச் சொல்லும் உணவு விதிகளில் ஒன்று.

இந்த விஷயத்தில் நம்மைவிட மராட்டியர்கள் கெட்டிக்காரர்கள் என்பது என் அபிப்பிராயம். ஹோளிப் பண்டிகையன்று இங்கே வீட்டுக்கு வீடு பூரண் போளி. கடலைப்பருப்பை வேகவைத்து வடித்த தண்ணீரை 'கட்' என்பார்கள். அதை ஒரு சொட்டுக்கூடக் கீழே விடமாட்டார்கள். தேங்காய், மசாலா, புளி சேர்த்துக் கொதிக்கவைத்து 'கட்டாச்சி ஆம்டி' செய்துவிடுவார்கள். போளியைவிட அதற்குத்தான் எங்கள் கட்டடத்தில் போட்டி. மேல்மாடி ஆஜி வருஷா வருஷம் எங்களுக்கு ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய அனுப்பிவிடுவார். என் மனைவி போன வருஷமும் அனுப்பினார், அதற்கு அடுத்த வருஷமும் நிறுத்தவில்லை. பாத்திரத்தை என்ன போட்டுத் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நான்தான் கடையில் வாங்கிய பேடாவைப் போட்டுக் கொடுத்தேன்.

சரி, நான் என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன். முதலில் குப்பைக் கூடையைப் பார்த்தேன். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் கண்டாகாடியில் என்னென்ன போடுகிறேன் என்று ஒரு வாரம் கவனித்தேன். காலிஃபிளவரின் தண்டும் இலையும், கொத்துமல்லியின் காம்பு, கீரைத்தண்டு, பட்டாணித் தோல், கேரட்டின் தலை, பீர்க்கங்காய்த் தோல். காலிஃபிளவரைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, நான் கொடுத்த காசில் பாதிக்குக் கிட்டத்தட்ட குப்பைக்குப் போயிருந்தது. ஷெட்டில் இந்த விகிதத்தில் ஸ்கிராப் காட்டியிருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

பிறகு மண்டியில், மூட்டை கட்டுகிற நேரத்துக்குப் போக ஆரம்பித்தேன். அழுந்திய தக்காளி கூறு கட்டி மலிவாகக் கிடைக்கும். பரங்கிக் கீற்று, துதி என்று இங்கே சொல்கிற சுரைக்காய், ஷேவ்கா என்கிற முருங்கை எல்லாம் பேரத்துக்கு இறங்கும். காலிஃபிளவர் இலையையும் சேர்த்துப் போடச் சொன்னபோது அந்தக் காய்க்கார மாவ்ஷி, "காகா, முயல் வளர்க்கிறீர்களா?" என்று கேட்டாள். ஆமாம், ஒன்று இருக்கிறது, அறுபத்தாறு வயது என்றேன். இப்போதெல்லாம் நான் கேட்காமலே எடுத்து வைக்கிறாள்.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று லிட்டர் குக்கரில் ஒரு பிடி பாசிப்பருப்பு, நன்றாகக் கழுவி நறுக்கிய காம்பும் தண்டும் இரண்டு கப், ஒரு தக்காளி, அரை வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, ஐந்தாறு மிளகு, கொஞ்சம் சீரகம், மூன்று கப் தண்ணீர். மூன்று விசில். ஆறியதும் மத்தால் கடைந்துவிட வேண்டியது. பட்டாணித் தோல், முருங்கை மாதிரி நாருள்ளவற்றை மட்டும் வடிகட்டவேண்டும். மற்றதை வடிகட்டினால் நார்ச்சத்தைத் தூக்கி எறிந்தவர்களாவோம். கெட்டியாக வேண்டுமானால் சோளமாவு எதற்கு, ஒரு கரண்டி சாதத்தைச் சேர்த்துக் கடைந்தால் போதும். குளிர்பெட்டியில் இருக்கிற பொரியல், கூட்டு எது மீந்திருந்தாலும் இதில் சேரும். மீந்த சப்பாத்தியைக் கிழித்து முறுகலாக வாட்டி மேலே போட்டால் ராஜதானியின் குச்சி ரொட்டிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. உப்பைக் குக்கரில் போடாமல் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை போட்டு எலுமிச்சம்பழம் பிழிகிறேன். புளிப்பு இருந்தால் உப்புக் குறைவதை நாக்கு கண்டுபிடிப்பதில்லை. என் நாக்குக்கு இதைக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் பிடித்தது.

செலவுக் கணக்கும் போட்டுப் பார்த்தேன், பழக்க தோஷம். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 315 கிலோஜூல் வேண்டும். அடுப்பின் திறன் 60 சதவீதம் என்றால் அதற்கு 11, 12 கிராம் காஸ் ஆகும். விசில் வரும் நேரத்தையும் சேர்த்து 25 கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 14.2 கிலோ சிலிண்டர் 850 ரூபாய் என்றால் கிலோ அறுபது. ஆக எரிபொருள் ஒன்றரை ரூபாய். பருப்பும் தக்காளியும் சேர்த்து, இரண்டு வேளைக்கு ஆகிற சூப்புக்குப் பதினைந்து ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. பாக்கெட்டில் ஒரே ஒரு கப்புக்குப் பத்துப் பதினைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஒரு பிடி பருப்பை மட்டும் விட்டுவிடக் கூடாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. ரம்ஃபோர்டு பிரபு என்பவரை டிப்ளமா படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பீரங்கியைத் துளைக்கும்போது உண்டாகும் சூட்டை வைத்து, வெப்பம் என்பது ஒரு பொருளல்ல, இயக்கம்தான் என்று 1798-இல் எடுத்துக்காட்டியவர். அதே மனிதர் 1790-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஏழைகளுக்காக மலிவான சூப் ஒன்றை வகுத்தார். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, வினிகர், உப்பு, காய்ந்த ரொட்டி. பட்டாணி இருந்தவரையில் சரி. ஆனால் தண்ணீரே பார்லியோடு நெடுநேரம் கொதித்தால் உணவாக மாறிவிடுகிறது என்று அவர் நம்பினார். அங்கேதான் என்ஜினீயர் சறுக்கினார். அவரைப் பின்பற்றி ஐரோப்பாவெங்கும் சூப் நீர்த்துக்கொண்டே போயிற்று. 1847-இல் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டனின் பிரபல சமையல் நிபுணர் அலெக்ஸிஸ் ஸோயர் டப்ளினில் பெரிய சூப் கூடம் திறந்தார். வயிறு நிறைகிறது, உடம்பில் ஒட்டவில்லை என்று அன்றே கண்டனம் எழுந்தது. நம் சென்னையிலும் 1782 பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார்கள். அந்த மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வட சென்னைக்காரர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். அங்கே ஊற்றியது கஞ்சி. அதில் தானியம் இருந்தது.

வெறும் காய்கறித் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ராத்திரி சூப்தான்" என்று படுத்துக்கொள்கிற முதியவர்கள் நம் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பக்கத்திலேயே எத்தனையோ பேர். எனக்குத் தெரிந்தே நாலைந்து வீடு உண்டு. தங்களை அறியாமலே அவர்கள் பாதிப் பட்டினி கிடக்கிறார்கள். வயதானால் சதை கரைகிறது, அதற்குப் புரதம் வேண்டும். 30 கிராம் பருப்பில் ஏழு கிராம் புரதம் இருக்கிறது. பெரிய அளவு இல்லைதான், ஆனால் பூஜ்யத்துக்கும் ஏழுக்கும் வித்தியாசம் உண்டு. முட்டை சாப்பிடுகிறவர்கள் ஒன்றை உடைத்து ஊற்றிக்கொள்ளலாம். எனக்குப் பழக்கமில்லை.

இரண்டொரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மீந்ததைப் போடலாம் என்றேனே தவிர, மத்தியானம் முழுக்க மேஜை மேல் கிடந்த சாதத்தைப் போடலாம் என்று சொல்லவில்லை. சாதத்தில் வளரும் ஒருவகைக் கிருமியின் விதைகள் கொதிக்கவைத்தாலும் சாவதில்லை. அது கக்குகிற நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் போவதில்லை. "கொதிக்கவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது தவறான நம்பிக்கை. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். பாத்திரத்தைத் தாம்பாளத் தண்ணீரில் உட்காரவைத்தால் சீக்கிரம் ஆறும். ரேடியேட்டர் தத்துவம்தான். நம் பாட்டிமார்கள் பழையது சாப்பிடவில்லையா என்று கேட்பீர்கள். அவர்கள் சாதத்தில் அன்றே தண்ணீர் ஊற்றிப் புளிக்க விட்டார்கள். சும்மா கிடந்து ஊசிப்போன சாதம் வேறு. சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துளி நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடவேண்டும். கசப்புச் சுரைக்காய்ச் சாற்றால் உயிரே போயிருக்கிறது. பச்சை பாய்ந்த உருளைக்கிழங்குத் தோலும் ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர்கள் காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டச் சொல்வதுண்டு. அவர்கள் நான் எழுதியதை மறந்துவிட்டுத் தங்கள் டாக்டர் சொன்னதைக் கேட்கவும்.

இதையெல்லாம் சங்க நண்பர் ஒருவரிடம் சொன்னபோது முகத்தைச் சுளித்தார். "பென்ஷன் வாங்குகிறீர், பிள்ளைகள் டாலரில் சம்பாதிக்கிறார்கள், காலிஃபிளவர் தண்டைப் போய்ப் பொறுக்குகிறீரே?" என்றார். காம்பும் தோலும் எச்சில் அல்ல. பீர்க்கங்காய்த் தோல் துவையலை அவர் வீட்டிலேயே இரண்டு தடவை பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டவர் அவர். அம்மா செய்தால் கைப்பக்குவம், ஆண்பிள்ளை செய்தால் கஞ்சத்தனமா? அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். காபி கொண்டுவந்தபோது, "அண்ணா, இவருக்கும் கொஞ்சம் கற்றுக்கொடுங்கோ" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போன மாதம்தான் அவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி ஆகியிருந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனைவியும் இதே மாதிரி சிரித்துக்கொண்டே எத்தனையோ தடவை சொன்னாள். ரிடையர் ஆன பிறகு நாலு வருஷம் என்னோடு இருந்தாள். அந்த நாலு வருஷத்தில் சாயங்கால வேளையில் நான் டி.வி. பார்த்தேன். பத்து நிமிஷம் பக்கத்தில் நின்றிருந்தால் போதும், கற்றுக்கொண்டிருக்கலாம். அவள் படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் ஒரு கிண்ணம் சூடாக எனக்குப் போடத் தெரிந்திருந்தால் அதுவும் நடந்திருக்கும். அப்போதும் ஹோட்டலிலிருந்துதான் வாங்கி வந்தேன். இரண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை, காரம்.

நம் சங்கத்தில் வருஷா வருஷம் மாதர்களுக்குச் சமையல் போட்டி வைக்கிறோம். ஆண்கள் நடுவர்களாக உட்கார்ந்து ருசி பார்க்கிறோம். இதைத் திருப்பிப் போடலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் மட்டும், ஆளுக்கு ஒரு குக்கர், பாக்கெட் எதுவும் கூடாது, பொருள் செலவு இருபது ரூபாய்க்குள். நடுவர்கள் அவரவர் மனைவிமார். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை காத்திருக்கவேண்டாம் என்று, வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு என் வீட்டில் அடுப்பு மூட்டுகிறேன். வருபவர்கள் அன்று வீட்டில் நறுக்கிய காய்களின் காம்பையும் தோலையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரவும். தம்ளர் என்னிடம் ஆறுதான் இருக்கிறது, அதையும் கொண்டுவந்தால் நல்லது. மேல்மாடி ஆஜியின் தூக்குப் பாத்திரம் இந்த ஹோளியிலிருந்து இங்கேயே இருக்கிறது. இந்தத் தடவை பேடா வாங்கப்போவதில்லை.